கரண்ட் வைத்தால் கை வருமா?

(உலகப் பக்கவாத நாளையொட்டி இராயபுரத்தில் பொதுமக்களிடையே இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு என்னுடையது அல்ல, உங்களுடையது. பக்கவாதம் வந்தவரைக் கூட்டி வருகிற வீட்டார் முதலில் கேட்பது, "எப்ப நடப்பாரு?" அடுத்தது, "கை வருமா?" கொஞ்ச காலமாக மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "மூளைக்கு கரண்ட் வச்சா கை வந்துடுமாமே சார், யூடியூப்ல பார்த்தோம். எவ்ளோ ஆவும்?"

நடை பலருக்கு ஓரளவு திரும்பிவிடுகிறது. கால் கொஞ்சம் இழுத்தாலும் சமாளித்துக்கொள்வார்கள். கைதான் அடம் பிடிக்கும். காசிமேட்டில் வலை பின்னுகிறவருக்கும், துறைமுகத்தில் கன்டெய்னரை இறுக்கிக் கட்டுகிறவருக்கும், திருவொற்றியூரில் லேத் பிடிக்கிறவருக்கும் கை போனால் பிழைப்பே போயிற்று. அதனால் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரண்ட் மட்டும் வைத்தால் கை வராது. பயிற்சியோடு சேர்த்து வைத்தால் சிலருக்கு, ஓரளவு, உதவக்கூடும். ஏன் இவ்வளவு தயங்கித் தயங்கிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் மீதி நேரம்.

அதற்கு முன் ஒன்று. வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் எண்ணெய் தேய்க்காதீர்கள், புறா ரத்தம் தேடிப் போகாதீர்கள், "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று படுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்கும் சிலருக்கு அதற்குப் பிறகும் குழாய்வழியாகக் கட்டியை எடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் அந்த நிமிடங்கள் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். இனி நான் பேசப்போவதெல்லாம் அந்த நேரம் தாண்டிய பிறகு, மிச்சமிருக்கும் மூளையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதைப் பற்றி.

மின்சாரத்தை வைத்தியத்துக்குப் பயன்படுத்துவது புதிய யோசனை அல்ல. தொட்டால் கை மரத்துப்போகச் செய்யும் ஒருவகைத் திருக்கை மீன் உண்டு. அது வலையில் ஏறினால் என்ன செய்யும் என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் அந்த ஜாதி மீனைத் தலைவலிக்காரர் தலையில் உயிரோடு வைக்கச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார். வலி மரத்துப்போனதா, ஆள் மிரண்டு போனாரா என்று விசாரிக்க இப்போது வழியில்லை.

இன்றைய கருவிகள் இரண்டு வகை. ஒன்று காந்தம். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் செய்து காட்டியது. எட்டு வடிவத்தில் சுற்றிய கம்பிச்சுருளைத் தலைக்கு மேல் வைத்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குப் பெரிய மின்னோட்டத்தைப் பாய்ச்சுவார்கள். அதிலிருந்து எழும் காந்தப்புலம் மண்டை ஓட்டைத் தடையில்லாமல் கடந்து உள்ளே சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். சரியான இடத்தில் வைத்தால், நீங்கள் நினைக்காமலேயே எதிர்ப்பக்கக் கட்டைவிரல் துள்ளும். 'டக், டக்' என்று சத்தம் வரும், தலையில் யாரோ சுண்டுவது போல இருக்கும், அவ்வளவுதான். ஓரிரு அங்குல ஆழத்துக்கு மேல் போகாது.

இன்னொன்று நேர் மின்சாரம். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் கட்டி, ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரத்தை இருபது நிமிடம் போல விடுவது. 2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேவும் பௌலஸும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் உலகம் இதை மறுபடி திரும்பிப் பார்த்தது. இது நரம்பணுவை நேரடியாகத் துடிக்க வைப்பதில்லை. துடிக்கத் தயாராக இருக்கிற நிலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்குகிறது. இரண்டுமே சினிமாவில் காட்டுகிற ஷாக் ட்ரீட்மென்ட் அல்ல. அதில் மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைப்பார்கள். இங்கே வலிப்பு வந்துவிடக் கூடாதே என்றுதான் கவலை.

இதைப் பக்கவாதத்துக்கு ஏன் கொண்டுவந்தார்கள்? நம் மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கியே வைத்திருக்கின்றன. வலது கையை அசைக்கும்போது இடது கை சேர்ந்து ஆடாமல் இருப்பதற்கு அந்த அடக்குதலும் ஒரு காரணம். ஒரு பக்கம் அடிபட்டதும் அது பலவீனமாகிறது. மறுபக்கம் தட்டிக்கேட்க ஆளில்லாமல், அடிபட்ட பக்கத்தை இன்னும் அமுக்கிவிடுகிறது. அப்படியானால் நல்ல பக்கத்தின் வேகத்தைக் குறைப்போம், அல்லது அடிபட்ட பக்கத்தை உசுப்புவோம் என்பது யோசனை. நொடிக்கு ஒரு துடிப்பு என்று மெதுவாகக் கொடுத்தால் அடங்கும், ஐந்து, பத்து என்று வேகமாகக் கொடுத்தால் கிளரும்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சேதம் பெரிதாக இருப்பவர்களிடம், அந்த 'நல்ல பக்கம்'தான் கொஞ்சநஞ்சம் கையை அசைக்க உதவிக்கொண்டிருக்கக் கூடும். அதைப் போய் அடக்கினால் இருக்கிற உதவியும் போகும். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே வேகம் என்று வைத்தால் ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு இடைஞ்சலாகும்.

இனி ஆய்வுகள். 2020-இல் ஐரோப்பிய நிபுணர்கள் கூடி அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். பக்கவாதம் வந்த ஆரம்ப மாதங்களில், நல்ல பக்கத்துக்கு மெதுவான காந்தத் துடிப்பு கொடுப்பது கையின் மீட்சிக்குப் பயன்படுகிறது என்று தங்கள் வரிசையின் முதல் தரச் சான்றை அதற்கு வழங்கினார்கள். உங்களிடம் விற்க வருகிறவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். அவர்கள் காட்டாத ஆய்வு ஒன்று உண்டு. 2018-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில், பக்கவாதம் வந்து மூன்று மாதம் முதல் ஒரு வருடம் ஆன 199 பேர். ஒரு பகுதியினருக்கு உண்மையான காந்தத் துடிப்பு, மற்றவர்களுக்குப் பாவனைத் துடிப்பு, அதாவது வைப்பது போல நடிப்பு மட்டும். இருசாராருக்கும் கைக்குப் பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், உண்மைத் துடிப்பு பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். பாவனைத் துடிப்பு பெற்றவர்களில் 65 சதவீதம்.

இதைப் படித்தவர்கள் பலர் 'காந்தம் தோற்றது' என்று எழுதினார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. மூன்றில் இரண்டு பேர் தேறியிருக்கிறார்களே, அது எதனால்? இருசாராருக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி. வாரக்கணக்கில், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றாட வேலைகளையே பயிற்சியாகச் செய்ய வைத்தது. அதற்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை.

2021-இல் இன்னொரு ஆய்வு. இது அறுவை சிகிச்சையால் கழுத்து நரம்பில் கருவி பொருத்துவது, நம் தலைப்புக்குச் சற்று வெளியே. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கருவி சும்மா ஓடிக்கொண்டிருக்காது. நோயாளி கையை நீட்டி டம்ளரைப் பிடிக்கும் அந்தக் கணத்தில் சிகிச்சையாளர் பொத்தானை அழுத்துவார், அப்போது மட்டும் ஒரு துடிப்பு. 108 பேரில் செய்து பார்த்தார்கள். கருவி இயங்கியவர்களில் 47 சதவீதம் பேருக்கு நல்ல பலன், மற்றவர்களில் 24 சதவீதம். அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்தது. அசைவோடு கோத்துக் கொடுத்த தூண்டல் வேலை செய்திருக்கிறது.

படகைக் கரையேற்றும்போது அடியில் உருட்டுக்கட்டை போடுவீர்களே, அது போலத்தான் இந்தத் தூண்டல். கட்டை இருந்தால் இழுப்பது சுலபம். ஆனால் கட்டையே படகை இழுக்காது.

சரி, கட்டை கிடைக்காதவர்கள் என்ன செய்வது? இங்கேதான் நம் பேட்டையில் படித்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். 1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. சுற்றிலும் துறைமுகம், ரயில்வே ஒர்க்‌ஷாப், பவர் பிரஸ் ஓடும் பட்டறைகள். விரல் நசுங்கி, கை சிதைந்து வந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களுக்காகவே 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக்காயப் பிரிவைத் தொடங்கினார். கை அறுவை சிகிச்சையில் நாடறிந்த நிலையமாக அது வளர்ந்தது.

அதே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போய், பிறகு கலிபோர்னியாவில் மூளையை ஆராய்ந்தவர் வி.எஸ். இராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்ட சிலர், இல்லாத கை இறுகிப்போய் வலிக்கிறது என்று துடிப்பார்கள். 1990-களில் அவர் அதற்குச் செய்த கருவி ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி. இருக்கும் கையைக் கண்ணாடியின் முன் அசைத்தால், இல்லாத கை அசைவது போலத் தெரியும். சிலருக்கு அந்த இறுக்கம் விட்டது. பிறகு அவரும் ஆல்ட்ஷூலரும் இன்னும் சிலரும் சேர்ந்து, 1999-இல் 'லான்செட்' இதழில் ஒரு சிறிய அறிக்கை வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து நாளான ஒன்பது பேருக்கு அதே கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்தது. வெறும் ஒன்பது பேர் என்று அன்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. 2018-இல் காக்ரேன் நிறுவனம் உலகெங்கும் நடந்த 62 ஆய்வுகளை, 1,982 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, கண்ணாடிப் பயிற்சி கைகால் அசைவுக்கு உதவுகிறது, அதுவும் மற்றப் பயிற்சிகளுக்குத் துணையாக, என்று நடுத்தர உறுதியோடு சொன்னது.

கண்ணாடியும் மூளையைத் தூண்டுவதுதான், கண் வழியாக. கரண்ட் பில் கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடியே போதும். எனக்குத் தெரிந்து, கையிருப்பில்லாத வீட்டில் முதலில் தொடங்க வேண்டிய தூண்டல் இதுதான்.

வலை பின்னும் ஒருவரிடம் இதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். வலது கை விழுந்தவர். விரல்கள் உள்ளே மடங்கி, கட்டைவிரல் முஷ்டிக்குள் புதைந்திருக்கும். மேசை நடுவே கண்ணாடியை நிறுத்தி, வலது கையைப் பின்னால் மறைத்து, இடது கையை முன்னால் வைக்கிறார். இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வலை ஊசியைப் பிடித்து விடுகின்றன, பிடித்து விடுகின்றன. கண்ணாடிக்குள் தெரிவது வலது கை. கொஞ்ச நேரம் கழித்து, மறைவில் இருக்கும் கையும் கூடவே முயல வேண்டும். அதன்பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு நிஜ ஊசியை வலது கையில் கொடுத்தால், முதலில் தூக்குவது தோள்பட்டை. காது வரைக்கும் ஏறும். உடம்பு ஒருபக்கம் சாயும். விரல் செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்து ஏமாற்றப் பார்க்கும். என் உள்ளங்கையை அவர் தோள் மேல் வைத்து, மணிக்கட்டுக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, "தோளு தூங்கட்டும் அண்ணே, வெரலு மட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி விழும். எடுத்துக் கொடுக்க வேண்டும். மறுபடி விழும். இந்த வேலைக்குத்தான் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். எந்தக் கருவியும் விழுந்த ஊசியை எடுத்துக் கொடுக்காது.

எத்தனை முறை? 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் கேத்தரின் லாங் என்பவரும் குழுவினரும் சிகிச்சை அறைகளில் உட்கார்ந்து எண்ணினார்கள். ஒரு அமர்வில் கைக்குக் கிடைத்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32. மூளையில் மாற்றம் நிகழ்ந்த விலங்கு ஆய்வுகளிலோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில். 1996-இல் ரேண்டால்ஃப் நூடோ குரங்குகளில் காட்டினார்: சிறு சேதத்துக்குப் பின் கையைப் பழக்கினால் மூளையில் கைக்கான இடம் நிலைத்தது. பழக்காமல் விட்டால், அடிபடாத இடமும் சேர்ந்து சுருங்கியது. வசதியான அமெரிக்காவிலேயே 32 என்றால், ராயபுரத்து வெளிநோயாளி வரிசையில் எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள். எண்ணூரிலிருந்து கூட வருகிறவருக்கு ஒருநாள் கூலி போகும். மூன்றாவது வாரம் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போவார்கள். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

"அப்போ வீட்டாருக்கே கத்துக்குடுத்துடலாமே?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். இந்தியாவிலேயே செய்து பார்த்தார்கள். 14 மருத்துவமனைகள், 1,250 பேர். லூதியானாவின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்ற ஆய்வு, 2017-இல் வெளிவந்தது. வீட்டாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிய குழுவில், ஆறு மாதத்தில் இறந்தோர் அல்லது பிறர் தயவில் வாழ்வோர் 47 சதவீதம். சொல்லிக்கொடுக்காத குழுவிலும் அதே 47 சதவீதம். மனைவி தலையிலும் மகள் தலையிலும் பொறுப்பைக் கட்டிவிட்டு நாம் கையைக் கழுவ முடியாது என்று அதற்கு அர்த்தம். சமைத்து, குளிப்பாட்டி, வேலைக்கும் போகிற பெண்ணிடம் "தினம் முந்நூறு தடவை செய்ய வையுங்க" என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பது சிகிச்சை ஆகாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையும் அதில் சேர்ந்திருந்தது. நல்ல ஏற்பாடு. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மாத்திரையை மாதம் ஒருமுறை கொண்டுவந்தால் போதும். கைப்பயிற்சி அப்படி அல்ல. முதல் மூன்று மாதத்தில்தான் மீட்சி வேகமாக நடக்கிறது. அந்த மூன்று மாதத்துக்கு வாரத்தில் பல நாள் ஒருவர் வர வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் மனு கொடுப்பதாக இருந்தால், காந்தக் கருவி வாங்கித் தாருங்கள் என்று கேட்காதீர்கள். வார்டுக்குக் கூடுதலாக இரண்டு பிசியோதெரபிஸ்ட் கேளுங்கள்.

கருவிக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. சோதனைக்கு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் ஒரு முறை வகுத்திருக்கிறார். பக்கவாதம் வந்த மூன்று நாளுக்குள், தோளை விரிக்கவும் விரலை நீட்டவும் எவ்வளவு முடிகிறது என்று பார்ப்பது. ஓரளவு முடிந்தால் கருவியே வேண்டாம், கைக்கு நல்ல வாய்ப்பு. முடியாவிட்டால் அடிபட்ட பக்கத்தில் காந்தத் துடிப்பு ஒன்று கொடுத்து, கைத்தசை சிறிதாவது துள்ளுகிறதா என்று பார்ப்பது. துள்ளினால் மூளையிலிருந்து கைக்கு வரும் பாதை இன்னும் திறந்திருக்கிறது. இப்படிக் கணித்ததில் சுமார் 75 சதவீதம் பேருக்கு அந்தக் கணிப்பு மூன்று மாதம் கழித்துச் சரியாக இருந்தது. யாருக்கு எந்தக் கைக்காக எவ்வளவு உழைப்பது என்று தெரிந்துகொள்வதற்கு இது உதவும். கை வரவே வராது என்றால் மறுகையால் தொழிலைப் பழக்க முதல் நாளிலிருந்தே இறங்கலாம். அதைச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். இரண்டு வருடம் ஆசை காட்டி மோசம் செய்வதுதான் எனக்குப் பெரிய கொடுமையாகப் படுகிறது.

இனி பணம் கட்டப் போகிறவர்களுக்கு. மனச்சோர்வுக்கு காந்தத் தூண்டலை அமெரிக்கா 2008-லேயே அனுமதித்தது, நம் ஊரிலும் செய்கிறார்கள். அந்த அனுமதியைக் காட்டி விழுந்த கைக்கும் சேர்த்துப் பேசுவார்கள். அது வேறு, இது வேறு. தலையில் உலோகக் கிளிப், காது கேட்க உள்ளே பொருத்திய கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்ததுண்டா, மண்டை ஓட்டில் எலும்பு எடுத்திருக்கிறதா என்று அவர்களே உங்களைக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு நீங்கள் ஒன்று கேளுங்கள்: "கரண்ட் வச்ச உடனே கைக்கு எவ்ளோ நேரம் பயிற்சி குடுப்பீங்க, யாரு குடுப்பாங்க?" மழுப்பினால் சங்கிலியை அடகு வைக்காதீர்கள். ஆன்லைனில் ஒன்பது வோல்ட் பேட்டரி வைத்துச் செய்த பெட்டிகளும் விற்கிறார்கள். பஞ்சு காய்ந்தால் தோல் வெந்துபோகும். வேண்டாம்.

பக்கவாதம் மறுபடி வராமலிருக்கப் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள், கருவாட்டு உப்பைப் பற்றித் தனியே ஒரு கூட்டம் போட்டு உங்களிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வாசல் பக்கத்து மேசையில் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது. கேள்வி நேரம் முடிந்ததும் உட்கார்ந்து பார்க்கலாம். உட்காருவதற்கு முன் நல்ல கையில் இருக்கும் மோதிரம், வாட்ச், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடிக்குள் தெரிவது தன்னுடைய மறுகைதான் என்று மூளை நம்ப வேண்டும். யாராவது ஃபேனைக் கொஞ்சம் குறைத்தால், பின்வரிசையில் கை தூக்கும் அம்மா கேட்பது எனக்குக் காதில் விழும். சொல்லுங்கம்மா.